எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையும் சர்க்கரை நோயும்: கத்தி வைப்பதற்கு முன்பும் பின்பும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே இன்சுலின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். சிலருக்கு ஊசி நின்றே போயிருக்கும். எடையோ அதற்குள் சொல்லிக்கொள்ளும்படி குறைந்திருக்காது. இதைக் கேள்விப்படுகிறவர்களில் ஒரு சாரார் ‘சர்க்கரை நோய் அடியோடு தீர்ந்துவிட்டது’ என்று நம்பிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், ‘பட்டினி கிடந்தால் யாருக்குத்தான் சர்க்கரை இறங்காது, இதற்கு வயிற்றை வெட்டுவானேன்’ என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டையும் நம்பி முடிவெடுக்க முடியாது.

இந்தக் கட்டுரை இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்திருக்கும் பெரியவர்களுக்கானது. முதல் வகை நோயில் கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அவர்களுக்கும் பருமனுக்காக இந்த அறுவை சிகிச்சை செய்வதுண்டு, இன்சுலின் தேவையும் குறையும். ஆனால் இன்சுலினை ஒருபோதும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெரியவரான பிறகு நோய் வந்தது என்பதாலேயே அது இரண்டாம் வகைதான் என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் எதிர்ப்பொருள் பரிசோதனை ஒன்றைச் செய்து வகையை உறுதிப்படுத்திக்கொள்வது முதல் வேலை.

வயிற்றில் கை வைத்தால் சர்க்கரை ஏன் குறைகிறது

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை, சில சமயம் அதற்கும் மேலே, நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குறுகலான குழாய். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மி.லி. கொள்ளும் சிறிய பையை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றோடு நேரே இணைக்கிறார்கள். உணவு பழைய இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் தொடாமலே கீழே இறங்கிவிடும்.

சர்க்கரை மூன்று கட்டமாக இறங்குகிறது. முதல் சில நாட்களில் நடப்பது, பட்டினி வாதக்காரர்கள் சொல்வதேதான்: உணவு மிகக் குறைவதால் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு கரையத் தொடங்குகிறது, கல்லீரல் இரவெல்லாம் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்த சர்க்கரை குறைகிறது. இரண்டாவது கட்டம் குடலின் ஹார்மோன்களுடையது. உணவு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் பல மடங்கு சுரக்கிறது. அது கணையத்தைத் தட்டியெழுப்பிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இன்சுலினைக் கூட்டுகிறது, பசியையும் அடக்குகிறது. செமாக்ளூடைடு போன்ற ஊசிகள் நகலெடுப்பது இந்த ஹார்மோனைத்தான். ஸ்லீவ் முறையில் பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதியும் வெட்டியெறியப்படுகிறது. மூன்றாவதாக, மாதக்கணக்கில் எடை இறங்க இறங்கத் தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்கின்றன.

வெறும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களை நாளடைவில் பசி விரட்டிப் பிடித்துவிடுகிறது. அறுவை சிகிச்சை செய்தவர்களிடம் அந்தப் பசியே மாறிப்போகிறது. பட்டினி வாதம் கணக்கில் எடுக்காத இடம் இது. 1995-இல் அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் வால்டர் போரிஸ், பைபாஸ் செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோரின் சர்க்கரை நோய் பின்வாங்கியதை ஆண்டுக்கணக்கான பதிவுகளோடு வெளியிட்ட பிறகுதான், இது எடைக்கான சிகிச்சை மட்டுமல்ல என்ற எண்ணம் மருத்துவ உலகில் வலுத்தது.

முதல் படி: எடையைப் பார்ப்பதற்கு முன் கணையத்தைப் பாருங்கள்

தகுதிக்கான எல்லை உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பிஎம்ஐ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைக்கும். சர்வதேச அறுவை சிகிச்சைச் சங்கங்கள் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதல்படி, பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தால் 30 போதும். ஆசிய வம்சாவளியினருக்குக் குறைந்த எடையிலேயே நோய் வந்துவிடுவதால் 25-லிருந்தே அவர்களைப் பருமன் உள்ளவர்களாகக் கருதி, 27.5-லிருந்து இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம். 165 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு பிஎம்ஐ 29.4 வரும். ஒரு கணக்கில் அவர் தகுதியற்றவர், இன்னொரு கணக்கில் தகுதியானவர். பழைய எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு ‘நீங்கள் அவ்வளவு குண்டு இல்லையே’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

ஆனால் சர்க்கரை எவ்வளவு குறையும், எவ்வளவு காலம் குறைந்தே இருக்கும் என்பதை பிஎம்ஐ சொல்லாது. அதைச் சொல்பவை வேறு நான்கு விஷயங்கள்: நோய் வந்து எத்தனை வருடம் ஆகிறது, இன்சுலின் போடுகிறீர்களா, எத்தனை வகை மாத்திரை, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி எவ்வளவு. இவற்றோடு சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். கணையம் இன்சுலினை உருவாக்கும்போது கூடவே வெளியாகும் பொருள் இது. ஊசியில் போடும் இன்சுலினில் இருக்காது. ஆகவே கணையத்தின் சொந்தச் சரக்கு எவ்வளவு மிச்சம் என்பதை இது காட்டிக்கொடுத்துவிடும். இந்த விவரங்களை வைத்து மதிப்பெண் போடும் முறைகளும் உள்ளன: டயாரெம், ஏபிசிடி என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உங்கள் மதிப்பெண் என்ன என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒரே எடை, ஒரே உயரம் உள்ள இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு வயது 42, நோய் வந்து மூன்று வருடம், மெட்ஃபார்மின் என்ற மாத்திரை மட்டும். மற்றவருக்கு 58, நோய் வந்து பதினைந்து வருடம், அதில் எட்டு வருடமாக இன்சுலின். முதலாமவர் எல்லா மருந்தையும் நிறுத்தி வருடக்கணக்கில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டாமவருக்கு ஊசியின் அளவு வெகுவாகக் குறையும், கட்டுப்பாடு எளிதாகும், ஆனால் மருந்தே இல்லாத நிலை வராமல் போகலாம். அதனால் அவர் செய்துகொள்ளக் கூடாது என்று பொருளில்லை. அவரிடம் சொல்ல வேண்டிய வாக்குறுதி வேறு, அவ்வளவுதான்.

‘எல்லா மாத்திரையும் ஊசியும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காவிட்டால் கடைசியில் ஆபரேஷன்’ என்ற வழக்கமான வரிசை எனக்கு உடன்பாடில்லாதது. அந்தக் கடைசிக்குள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் பெரும்பாலும் களைத்துப் போயிருக்கும். தகுதி உள்ளவர்கள் இந்தப் பேச்சை நோயின் முதல் சில ஆண்டுகளிலேயே மருத்துவரிடம் தொடங்க வேண்டும். பேசிவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் நஷ்டமில்லை.

இரண்டாம் படி: எண்களைக் கேட்டு ஆசையை அளந்துகொள்ளுங்கள்

‘குணம்’ என்ற சொல்லை இங்கே மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். சர்க்கரைக்கான மருந்துகளை நிறுத்தி மூன்று மாதத்துக்குப் பிறகும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், நோய் தணிந்திருக்கிறது என்று கணக்கு. 2021-இல் சர்வதேச நிபுணர்கள் ஒத்துக்கொண்ட வரையறை இது. தணிந்த நோய் திரும்ப வரலாம்.

1987-இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்ட ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ 72 சதவீதத்தினருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் தணிந்திருந்தது. பதினைந்தாம் ஆண்டில் அது 30 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 150 பேரை வைத்து நடந்த ஆய்வு, 6.0 சதவீத எச்பிஏ1சி என்ற இன்னும் கடுமையான இலக்கை வைத்துக்கொண்டது. ஐந்தாம் ஆண்டில் அந்த இலக்கில் இருந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 29 சதவீதம், ஸ்லீவ் பிரிவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்துக்கொண்ட பிரிவில் 5 சதவீதம். இந்த எண்களை அண்ணாந்து பார்க்கிறவர்களும் உண்டு, உதட்டைப் பிதுக்குகிறவர்களும் உண்டு. நான் பார்ப்பது மருந்துப் பிரிவின் 5 சதவீதத்தை. நல்ல மருத்துவமனையில், கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்துக்கே அவ்வளவுதான் முடிந்தது.

நோய் திரும்பினாலும் நடுவில் கிடைத்த நல்ல வருடங்கள் வீணாகிவிடுவதில்லை. கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் குறைவாக இருந்ததை அதே ஸ்வீடன் ஆய்வு காட்டியது.

ஸ்லீவா பைபாஸா? சர்க்கரை நோக்கில் பைபாஸுக்குச் சற்று முன்னுரிமை உண்டு. கடுமையான நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு ஸ்லீவ் அதை மோசமாக்கக்கூடும். ஸ்லீவ் எளிமையானது, சத்துக் குறைபாடும் ஒப்பீட்டளவில் குறைவு. புதிய ஊசி மருந்துகளும் எடையையும் சர்க்கரையையும் நன்றாகக் குறைக்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்றாம் படி: தேதி குறித்த பிறகு

விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பல வருடம் உயர்ந்திருந்த சர்க்கரை திடீரென்று இறங்கும்போது, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை சிலருக்கு மேலும் மோசமாகும். லேசர் போன்ற சிகிச்சை தேவை என்றால் முன்பே முடித்துவிடலாம். பி12, இரும்பு, வைட்டமின் டி அளவுகளையும் பார்த்துவிட வேண்டும். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைந்திருக்க வாய்ப்புண்டு. புகைப்பழக்கம் இருந்தால் விட்டே ஆக வேண்டும். பைபாஸ் இணைப்பில் புண் வருவதற்கு அது முக்கியக் காரணம்.

கல்லீரலைச் சுருக்குவதற்காக அறுவை சிகிச்சைக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். உணவு பாதியாகும்போது பழைய அளவிலேயே இன்சுலினையும் மாத்திரையையும் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். உணவுச் சீட்டைக் கொடுப்பவர் ஒருவர், மருந்துச் சீட்டைக் கொடுப்பவர் இன்னொருவர் என்பதால் இது எளிதில் தவறிப்போகிறது. உணவுச் சீட்டு கைக்கு வந்த அன்றே சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல ‘கிளிஃப்ளோசின்’ என்று பெயர் முடியும் சர்க்கரை மாத்திரைகளை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியோடு சேர்ந்தால் இவை ரத்தத்தை அமிலமாக்கிவிடும். அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகவே காட்டுவதால் ஆபத்து கண்ணில் படாது. ஜிஎல்பி-1 ஊசி போடுகிறவர்கள் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஊசியால் இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்கத்தில் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.

நான்காம் படி: வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம்

தடுக்கக்கூடிய விபத்துகள் அதிகம் நடப்பது இந்த இரண்டு வாரத்தில்தான். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்திருக்கும், தையல் ஆறிவரும், வீட்டில் பழைய மருந்துப் பெட்டி அப்படியே இருக்கும். பழக்க தோஷத்தில் காலை மாத்திரையை விழுங்கிவிடுவார்கள். நாள் முழுக்க உள்ளே போகும் திரவ உணவோ மிகக் கொஞ்சம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகள் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைக் கசக்கி இன்சுலினை வெளியேற்றும். இவற்றைப் பொதுவாக அறுவை சிகிச்சையோடு நிறுத்திவிடுவார்கள். இன்சுலினைப் பெருமளவு குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் தொடர்வார்கள். ஆனால் மெதுவாகக் கரையும் வகையிலிருந்து சாதாரண வகைக்கோ திரவத்துக்கோ மாற்றி.

ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதி வாங்குங்கள்: நிறுத்த வேண்டியவை, குறைக்க வேண்டியவை, தொடர வேண்டியவை. அதன் கீழே, எந்த அளவுக்கு மேலே போனால் அல்லது கீழே இறங்கினால் யாரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்பதையும். ரத்த அழுத்த மாத்திரையும், சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரையும் இதே தாளில் வர வேண்டும். எடையும் நீர்ச்சத்தும் குறையும்போது அவையும் அளவு மீறிப்போகும். நிறுத்தச் சொன்ன மருந்துகளை வீட்டுப் பெட்டியிலிருந்து வேறொருவர் எடுத்து அப்புறப்படுத்திவிடட்டும்.

சர்க்கரையைக் குளுக்கோமீட்டரில் ஒரு நாளைக்குப் பல முறை பார்க்கச் சொல்வார்கள். இன்சுலின் தொடர்பவர்களுக்கு இது கட்டாயம். 70-க்குக் கீழே போனால் குளுக்கோஸ் கரைசலைச் சிறுகச் சிறுக உறிஞ்ச வேண்டும். ஒரே மடக்கில் குடித்தால் அந்தச் சிறிய பை தாங்காமல் குமட்டிக் கொண்டு வரும். தண்ணீரும் அப்படியே. நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்பது எளிதாகத் தோன்றும். மருந்து ஊற்றும் 30 மி.லி. குப்பியால் அளந்தால் அது ஐம்பது குப்பி. விழித்திருக்கும் நேரம் முழுவதும் கால் மணிக்கொரு குப்பி வீதம் உறிஞ்சினால்தான் கணக்கு முடியும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்கிறவர்கள் இரண்டாம் நாளே பின்தங்கிவிடுவார்கள்.

நாடித்துடிப்பு ஓய்வில் இருக்கும்போதும் 120-ஐத் தாண்டி ஓடினால், காய்ச்சலோ இடது தோள் வலியோ மூச்சுத்திணறலோ வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தையல் கசிவாகவோ ரத்தக்கட்டாகவோ இருக்கலாம். வாந்தி நாட்கணக்கில் நிற்காவிட்டால் வைட்டமின் பி1 வேகமாகக் குறையும். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். போகிற இடத்தில் என்ன அறுவை சிகிச்சை நடந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, பி1 ஊசியைக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: மாதங்கள்

திரவம், கூழ், மென்மையான உணவு, பிறகு வழக்கமான உணவு என்ற வரிசையை உங்கள் மருத்துவமனை சொல்லும் வேகத்திலேயே பின்பற்றுங்கள். தட்டில் புரதம் முதலில். நாளைக்கு 60 கிராமாவது சேர வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் சர்க்கரையை எரிக்கும் இடமே சுருங்கிவிடும்.

வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் இதில் அடக்கம். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றதன் வழியை மறிக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புக் குறைபாட்டில் இன்னொரு வம்பும் இருக்கிறது: அதனால் ரத்தசோகை வந்தால் எச்பிஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டக்கூடும். சர்க்கரை திரும்பிவிட்டதென்று பதறுவதற்கு முன் ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

இனிப்பு சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் உணவு குடலுக்குள் மொத்தமாகக் கொட்டியிருக்கிறது என்று பொருள். தொல்லைதான், ஆபத்து குறைவு. சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுக்கம், குழப்பம், கண் இருட்டல் என்று வருவது வேறு. எந்தச் சர்க்கரை மருந்தும் எடுக்காதவருக்கே, பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, இன்சுலின் தேவைக்கு மீறிச் சுரந்து சர்க்கரை தாழ்வதால் வருவது இது. வாகனம் ஓட்டும்போது வந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. இனிப்பை அள்ளிப் போட்டுக்கொண்டால் அதே சுற்று மறுபடி தொடங்கும். குறைந்த அளவு குளுக்கோஸ் எடுத்து, அது ஏறியதும் கொஞ்சம் புரதம் சாப்பிடுவதே முறை. அடிக்கடி வந்தால் அகார்போஸ் போன்ற மருந்துகள் உள்ளன.

பைபாஸ் செய்தவர்கள் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். மது வேகமாக ஏறும், பழக்கமாக மாறும் அபாயமும் கூடும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு அதிகரிக்கும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையைக் கேளுங்கள்.

ஆறாம் படி: வருடங்கள்

நோய் தணிந்தவர்களும் எச்பிஏ1சியை வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதம் ஆகிய பரிசோதனைகளும் நிற்கக் கூடாது. சர்க்கரை நன்றாக இருக்கும்போது இந்த வேலைகள் வீண் போலத் தோன்றும், முதலில் கைவிடப்படுபவையும் இவைதான். பழைய பாதிப்பு சர்க்கரை இயல்பான பிறகும் மெதுவாக முற்றிக்கொண்டிருக்கலாம். குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனையை பைபாஸ் செய்தவர்கள் மறுக்கலாம். அவர்களுக்கு அது மயக்கத்தையும் குமட்டலையும் தரும், முடிவும் நம்பத்தக்கதாக இருக்காது. கர்ப்ப காலத்தில் அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிக்கொடுக்கலாம்.

ஐந்தாறு வருடம் கழித்து எச்பிஏ1சி 5.6, 5.9, 6.2 என்று படியேறத் தொடங்கினால் 6.5 ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எடை எவ்வளவு திரும்பியிருக்கிறது, திரவ வடிவில் கலோரி உள்ளே போகிறதா, மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தார்களா என்று வரிசையாகப் பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மருத்துவரைத் தவிர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் நிறைய. மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்குவதோ, ஜிஎல்பி-1 ஊசியைச் சேர்ப்பதோ இந்த நிலையில் நன்றாக வேலை செய்கிறது. முன்பு நான்கு மருந்து தேவைப்பட்டவருக்கு இப்போது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ போதுமானதாக இருக்கும்.